எத்தனை நனைப்புக்குத் தண்ணீர்?

பெரியாற்றுக் கால்வாயை நம்பிப் பயிர் வைக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் என்றைக்குத் திறப்பது என்பதை அரசாணை சொல்லிவிடும். முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் வரத் தொடங்கிய 1895-லிருந்து அங்கே முடிவு எடுக்க ஓர் அதிகாரி இருக்கிறார். முடிவு தப்பினால் ஏசுவதற்கும் ஆள் இருக்கிறது. மானாவாரிக் கண்மாய்க்கு அந்த வசதி கிடையாது. கொட்டாம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் ஐப்பசி மழை விழுந்து கண்மாயில் தண்ணீர் நின்றதும், நாற்றுப் பாவலாமா, நெல்லா உளுந்தா, எவ்வளவு நிலத்துக்கு என்பதையெல்லாம் ஆயக்கட்டுக்காரர்களே கூடிப் பேசித் தீர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 கண்மாய், ஏரிகளில் பெரும்பாலானவை இப்படி வானம் பார்த்தவைதான்.

இந்தக் கூட்டங்களைக் கூட்டி நடத்திக்கொடுப்பது என் தொழில். ஊரில் ‘சங்கத்துச் சார்’ என்பார்கள். மதுரை இந்தத் தொழிலுக்குத் தாய்வீடு மாதிரி. 1997-ல் இங்கே தொடங்கிய தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் மகளிர் குழுக்களும், வயலகம் என்கிற கண்மாய் விவசாயிகள் சங்கங்களும் ஒரு தலைமுறையையே சமுக்காளத்தில் உட்கார்ந்து பேசப் பழக்கியிருக்கின்றன. மேடையில் பேசுவதைக் கலை என்று ஒத்துக்கொள்கிறவர்கள், நாற்பது பேர் வாயில் வருவதை ஒரு முடிவாகத் திரட்டுவதும் கலைதான் என்று ஏனோ ஒத்துக்கொள்வதில்லை. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் கூட்டம் தானாக நடந்துவிடும் என்று நினைப்பு.

ஊர்க்கூட்டத்தில் இரண்டு வகைப் பேச்சு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே வரும். ஒன்று, உள்ளது என்ன என்பது. மற்றொன்று, வேண்டியது என்ன என்பது. “தண்ணி கெடக்குல்ல, நடலாம்” என்று தலைமடைக்காரர் சொன்னால் அதில் பாதி கண்மாயைப் பற்றிய செய்தி, பாதி அவருடைய ஆசை. கடைசிச் சொட்டு வரைக்கும் அவர் வயலைத் தாண்டித்தான் தண்ணீர் போக வேண்டும். “எங்க கெடக்கு? பாதி சகதியால்ல கெடக்கு” என்று கடைமடைக்காரர் சொன்னால் அதிலும் அப்படியே. எல்லாரும் நட்டுவிட்டுப் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் அற்றுப்போனால் முதலில் கருகுவது அவர் பயிர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆசையும் பயமும் அவரவர் கண்ணுக்கு ஒரு அளவுகோல் கொடுத்துவிடுகின்றன. இரண்டு பேச்சையும் கலந்து ஓட்டெடுத்தால் வருகிற முடிவு கண்மாயைப் பற்றியும் சொல்லாது, ஊரைப் பற்றியும் சொல்லாது. ஆகவே உள்ளதை முதலில் தனியாகக் கேட்க வேண்டும். நடவு, பயிர், பணம் என்ற வார்த்தை எதுவும் அப்போது கூட்டத்துக்குள் வரக்கூடாது.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை நனைப்பில் அளப்பார்கள். ஆயக்கட்டு முழுக்க ஒரு தரம் பாய்ந்து நனைந்தால் அது ஒரு நனைப்பு. “இன்னும் நாலு நனைப்புக்குத் தாங்கும்” என்றால் சின்னப் பிள்ளைக்கும் கணக்குப் புரியும். முதல் கேள்வி அதுதான்: எத்தனை நனைப்புக்குத் தண்ணீர்? இதை வாயால் சொல்லச் சொன்னால் கூட்டம் அங்கேயே முடிந்தது. எல்லாரும் அம்பலகாரர் முகத்தைப் பார்ப்பார்கள். “நீங்க சொல்லுங்கண்ணே, பெறகு நாங்க சொல்றோம்.” அவர் ‘எட்டு’ என்பார். அடுத்தவர் ‘எட்டு, எட்டரை’ என்பார். நாற்பது பேர் பேசியிருப்பார்கள், ஆனால் ஒரே ஒருவருடைய அறிவுதான் வெளியே வந்திருக்கும்.

அதற்குப் புளியங்கொட்டை இருக்கிறது. ஆளுக்கு ஒரு கை கொடுத்து, தன் கணக்குக்கு எத்தனை நனைப்போ அத்தனை கொட்டையை மட்டும் பொத்திக்கொள்ளச் சொல்வேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கையை விரிக்க வேண்டும். அந்த ஒரு விநாடி இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது. மாமனும் மச்சானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கையில் ஐந்தும் மற்றவர் கையில் பன்னிரண்டும் வைத்திருப்பார்கள். “என்ன மாமா, பன்னெண்டா? எந்தக் கண்மாயப் பாத்தீங்க?” என்று சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிற பேச்சு உண்மையான பேச்சு. பன்னிரண்டு சொன்னவர் கலுங்கைப் பார்த்துச் சொல்லியிருப்பார். ஐந்து சொன்னவர் மாடு குளிப்பாட்ட இறங்கியிருப்பார், உள்ளே எவ்வளவு மண் மேவியிருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியும்.

கையில் உள்ள எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் எண்ணை எடுத்துக்கொள்வேன். சராசரி எடுப்பதில்லை. சராசரி எடுத்தால் வேண்டுமென்றே முப்பது கொட்டை பொத்துகிற ஒருவர் ஊரையே தன் பக்கம் இழுத்துவிடலாம். நடு எண்ணை அப்படி இழுக்க முடியாது. முப்பது பொத்தினாலும் பதின்மூன்று பொத்தினாலும் அவர் வரிசையின் கடைசி ஆள்தான். இதை இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1907-லேயே எழுதியிருக்கிறார். பிளைமவுத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையின் கறி எடையை ஊகிக்கும் போட்டி. 787 சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். நடுச் சீட்டு 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. கசாப்புக்காரரும் இருந்தார்கள், வேடிக்கை பார்க்க வந்தவரும் இருந்தார்கள். ஆனால் சீட்டு எழுதும்போது ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவில்லை. அதுதான் விஷயம்.

தலை எண்ணிக்கைக்கு எப்போது மதிப்பு, எப்போது இல்லை என்பதற்கு இதைவிடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் கோந்தோர்சே 1785-ல் போட்டது. ஆம், இல்லை என்ற ஒரு கேள்விக்குச் சரியாகச் சொல்லும் திறன் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு அறுபது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரின் பெரும்பான்மை சரியாக இருக்க வாய்ப்பு சுமார் 65. பதினொரு பேர் என்றால் 75. நூற்றொரு பேர் என்றால் 98-க்குக் கொஞ்சம் குறைவு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் திடுக்கென்று இருக்கும். ஒவ்வொருவரின் திறனும் நாற்பது என்றால், நூற்றொரு பேரின் பெரும்பான்மை சரியாக இருக்க வாய்ப்பு நூறில் இரண்டுதான். ஆள் கூடக்கூடத் தப்பு உறுதிப்படும். இதனால்தான் கண்மாயைப் பற்றி ஊரைக் கேட்கிறேன், மழையைப் பற்றி ஊரைக் கேட்பதில்லை. தினமும் கரையில் நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் தெரியும். கார்த்திகையில் புயல் சின்னம் வருமா என்பது தெரியாது. அதற்கு வானிலை மையத்தின் முன்னறிவிப்பை வாசித்துக் காட்டுவதோடு சரி. மழைக்கு ஓட்டெடுக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இனி, வேண்டியதைக் கேட்பது. இது வேறு மாதிரிச் சிக்கல்.

மீன் பாசி ஏலப் பணம் சங்கத்தில் சேர்ந்திருக்கிறது. மூன்று செலவு நிற்கிறது: மடைப் பலகை மாற்றுவது, வரத்துக்கால் தூர்வாருவது, ஊர்க்கோயிலுக்கு முன்னால் கொட்டகை. ஒரே அளவில் மூன்று கூட்டம் என்று வையுங்கள். தலைமடைக்காரர்களுக்கு முதலில் கொட்டகை, அடுத்து மடை, கடைசியாக வரத்துக்கால். நடுமடைக்கு மடை, வரத்துக்கால், கொட்டகை. கடைமடைக்கு வரத்துக்கால், கொட்டகை, மடை. கொட்டகையா மடையா என்று கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு கொட்டகைக்குக் கை தூக்கும். மடையா வரத்துக்காலா என்றால் மடை ஜெயிக்கும். வரத்துக்காலா கொட்டகையா என்றால் வரத்துக்கால் ஜெயிக்கும். சுற்றிச் சுற்றி வருகிறது. ஆளாளுக்கு எண்ணம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஊருக்குத்தான் ஒழுங்கான எண்ணம் இல்லை. இதையும் கண்டு சொன்னவர் கோந்தோர்சேதான். இந்த முடிச்சில் இரண்டிரண்டாக மோதவிட்டால் கடைசியாக மோதுவது எதுவோ அதுதான் ஜெயிக்கும். கோந்தோர்சேயைப் படிக்காத சங்கச் செயலாளர்கள் சிலருக்கு இது நன்றாகவே தெரியும். தனக்கு வேண்டியதை ‘கடைசியா ஒரு விசயம்’ என்று எடுத்து வைப்பார்கள்.

கென்னத் ஆரோ 1951-ல் இதன் அடி ஆழத்தைக் காட்டினார். மூன்றோ அதற்கு மேலோ வாய்ப்புகள் இருந்தால், நியாயம் என்று நாம் எதிர்பார்க்கிற சில எளிய நிபந்தனைகளை எல்லாம் ஒன்றாக நிறைவேற்றும் வாக்கு முறை எதுவும் இருக்க முடியாது, ஒரே ஒருவர் சொல்வதே சட்டம் என்றால் ஒழிய. 1972-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கேள்விப்பட்டுக் கூட்டமே வீண் என்கிறவர்கள் ஆரோவைப் பாதிதான் படித்தவர்கள். ஊர் எதை விரும்புகிறது என்று அறிய வெறும் வரிசையை மட்டும் கேட்டால் போதாது என்ற திசையில் அமர்த்தியா சென் 1970-ல் தம் நூலைக் கொண்டுபோனார். யாருக்கு எவ்வளவு வலிக்கிறது என்ற செய்தியும் உள்ளே வர வேண்டும். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் பரப்பிய பங்கேற்பு மதிப்பீட்டு முறைகள் 1990-களில் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்தபோது, கொட்டையை வைத்து மதிப்பெண் போடுவதும் கூடவே வந்தது. ஆளுக்குப் பத்துக் கொட்டை, எந்தச் செலவில் எத்தனை வைப்பது என்பது அவரவர் இஷ்டம். ஒரு கூட்டம் கொட்டகைக்கு ஆறும் மடைக்கு நாலும் வைக்கும், இன்னொரு கூட்டம் வரத்துக்காலுக்குப் பத்தையும் கொட்டிவிடும். கை தூக்குவதில் தெரியாத அவசரம் அங்கே தெரியும். இதிலும் தந்திரம் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் தந்திரம் எல்லார் கண்முன்னே தரையில் கிடக்கிறது.

இதைவிட நான் அதிகம் நம்புகிற வழி, கேள்வியை ‘எது’ என்பதிலிருந்து ‘எவ்வளவு’ என்பதற்கு மாற்றுவது. நெல்லா, உளுந்தா, தரிசா என்று கேட்டால் சுற்றிக்கொண்டு நிற்கக்கூடும். ஆயக்கட்டில் எத்தனை பங்கு நெல் நடலாம் என்று கேட்டால் விடைகள் ஒரே கோட்டில் வந்து நிற்கும்: முழுதும், முக்கால், பாதி, கால். ஒருவர் பாதி வேண்டும் என்றால் முழுதையும்விட அவருக்குப் பாதிக்குப் பக்கத்தில் உள்ள முக்கால் பிடிக்கும், அவ்வளவுதான். இப்படி ஒரே கோட்டில் நிற்கிற விருப்பங்களில் நடு ஆளின் விருப்பம் மற்ற எதையும் பெரும்பான்மையில் வெல்லும் என்று ஸ்காட்லாந்துக்காரர் டங்கன் பிளாக் 1948-ல் நிறுவினார். அங்கே சுழற்சி இல்லை. திரும்பவும் நடு ஆள்தான் என்பதைக் கவனியுங்கள். ஊர்க்கூட்டத்தில் அவர் பெரும்பாலும் வாய் திறக்காதவராக இருப்பார். இரண்டு ஓரத்தில் நிற்பவர்கள்தான் தொண்டை கிழியப் பேசுவார்கள்.

‘பாதி’ என்று முடிவானால் எந்தப் பாதி? தலைமடைப் பாதி என்றால் கடைமடைக்காரன் பட்டினி. இதற்கு இலங்கையின் உலர் மண்டலத்தில், அநுராதபுரம் பக்கத்துக் குளத்து ஊர்களில், நூற்றாண்டுகளாக ஒரு விடை இருக்கிறது. சிங்களத்தில் பெத்மா என்பார்கள். தண்ணீர் குறைந்த பருவத்தில் குளத்துக்கு அருகில் உள்ள வயல்களை மட்டும் பயிரிடுவார்கள். ஆனால் அந்த வயல்களை அந்தப் பருவத்துக்கு மட்டும் எல்லாப் பங்குக்காரர்களுக்கும் அவரவர் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். யார் நிலம் என்பதும் யார் பயிர் என்பதும் ஒரு பருவத்துக்குப் பிரிகின்றன. பருவத் தொடக்கக் கூட்டத்தில் முடிவாகிறது, பருவம் முடிந்தால் தீர்ந்தது. பாதியால் தனக்கு என்ன ஆகும் என்ற பயம் போன பிறகு, கடைமடைக்காரர் நனைப்புக் கணக்கையும் நேராகச் சொல்வார். நம்மூரில் இதை நான் சொல்லும்போதெல்லாம் தலைமடைப் பக்கம் ஒரு கனத்த மௌனம் நிலவும்.

காரணங்களைத் திரட்டுவதில் இன்னொரு பொறி. நெல் நட இரண்டு நிபந்தனை என்று ஊர் ஒத்துக்கொள்கிறது: கண்மாயில் பத்து நனைப்பு இருக்க வேண்டும், கலப்பையும் நாற்றும் ஐப்பசிக்குள் தயாராக வேண்டும். மூன்று பெரியவர்கள். முதலாமவர் இரண்டும் உண்டு என்கிறார், ஆகவே நெல். இரண்டாமவர் தண்ணீர் உண்டு, நாற்றுத் தயாராகாது என்கிறார், ஆகவே வேண்டாம். மூன்றாமவர் நாற்று ஆகிவிடும், தண்ணீர் இல்லை என்கிறார், ஆகவே வேண்டாம். முடிவுக்கு ஓட்டெடுத்தால் நெல் வேண்டாம், இரண்டுக்கு ஒன்று. நிபந்தனைக்கு ஒவ்வொன்றாக ஓட்டெடுத்தால் தண்ணீர் உண்டு, இரண்டுக்கு ஒன்று. நாற்று உண்டு, இரண்டுக்கு ஒன்று. அப்படியானால் நெல் நட வேண்டும். ஒரே மூன்று பேர், ஒரே நாள், எதிரெதிர் விடை. அமெரிக்க நீதிமன்றங்களில் பல நீதிபதிகள் அமர்ந்து எழுதும் தீர்ப்புகளை ஆராய்ந்த கோர்ன்ஹவுசரும் சாகரும் 1980-களில் இதை எடுத்துக் காட்டினார்கள். பிறகு கிறிஸ்டியன் லிஸ்ட், பிலிப் பெட்டிட் இருவரும் 2002-ல், இது நீதிமன்றத்தோடு நிற்கிற சங்கதி இல்லை, எந்தக் குழுவுக்கும் உள்ளது என்று தேற்றமாகவே நிறுவினார்கள்.

பயிர் விஷயத்தில் நான் நிபந்தனைப் பக்கம். நிபந்தனைக்கு ஓட்டெடுத்தால் தை மாதத்தில் திரும்பிப் பார்க்கலாம், எந்தக் கணக்கு தப்பியது என்று தெரியும். முடிவுக்கு மட்டும் ஓட்டெடுத்த ஊர் ஒவ்வோர் ஐப்பசியிலும் முதலிலிருந்து சண்டை போடும்.

ஆனால் காரணத்தைத் தோண்டக்கூடாத இடமும் உண்டு, அதை மேலூர் காட்டியது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போன செய்தி வந்தது. சுமார் 5,000 ஏக்கர் பரப்பு. அதற்குள் அரிட்டாபட்டியும் அடக்கம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. நவம்பர் 23 கிராம சபைகளில் அந்தப் பக்கத்து ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. அங்கே கூடியவர்களில் ஒருவருக்குக் கண்மாய், ஒருவருக்குக் குலசாமி, ஒருவருக்குச் சமணர் படுகையும் தமிழி எழுத்தும், ஒருவருக்குப் பட்டா நிலம். காரணத்துக்குக் காரணம் ஓட்டெடுத்திருந்தால் எதற்கும் பெரும்பான்மை கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். முடிவு ஒன்றாக இருந்தது, அது போதும். உள்ளதை அறிய வேண்டிய கேள்விக்குக் காரணத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். வேண்டாததை மறுக்க வேண்டிய கேள்விக்கு அது தேவையில்லை.

‘ஊரே ஒருமனதாக’ என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் நான் சந்தேகப்படுவேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே உருப்படியாகத் தேர்தல் நடக்கவில்லை. மனுப்போட ஆள் இல்லை, அல்லது ஜெயித்தவர் உடனே விலகினார். காகிதத்தில் பார்த்தால் எதிர்ப்பே இல்லாத ஊர் முடிவு. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் அதே ஒதுக்கீட்டில் ஜெயித்துப் பதவியில் உட்கார்ந்த முருகேசன் உட்பட ஆறு பேரை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பயத்தில் வாய் மூடியவரை ‘ஆதரவு’ என்று எண்ணுகிற கூட்டத்துக்கு எந்தத் தேற்றமும் உதவாது. எண்ணுவதற்கு முன் யாரை எண்ணுகிறோம் என்ற கேள்வி இருக்கிறது.

குடவோலை என்றதும் நாம் நெஞ்சை நிமிர்த்துகிறோம். உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகளில் குடும்பு முப்பது, ஓலை குடத்தில், எடுப்பது சிறுவன் என்று விதி நுட்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் ஓலையில் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டத்திலும் சங்கத்தில் வாக்கு நிலம் வைத்திருப்பவருக்குத்தான். கண்மாயில் துணி வெளுப்பவருக்கும், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவருக்கும், நாற்று நடுகிற கூலிப் பெண்ணுக்கும் ஓலை கிடையாது. அந்தப் பெண்களிடம் கேட்காமல் எழுதிய நனைப்புக் கணக்கை நான் நம்புவதில்லை. சகதியில் நிற்பவர்கள் அவர்கள்தான். பாண்டிய நாட்டு மானூரில், மாறஞ்சடையன் காலத்தில், 800-ஐ ஒட்டி வெட்டிய கல்வெட்டு, எதை எடுத்தாலும் ‘அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. கூட்டம் நடத்திய எவருக்கும் அந்த ஐந்து காசின் ஆத்திரம் புரியும். இருந்தாலும் நான் அந்தத் தண்டத்தை வாங்கமாட்டேன். ஒருவராவது ‘இல்லை’ என்று சொல்லாத கூட்டத்தில், வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உண்மையான கூட்டம் நடக்கும்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம், கண்மாய்க்காரர்கள் கட்டாயம் போக வேண்டிய நாள். போகிறவர்கள் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரி கேட்டு எழுதச் சொல்லுங்கள்: என்ன காரணத்தால் இந்த முடிவு, எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள். வெற்றுத் தாளில் முதலிலேயே கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.